நடைபாதையில் எழுதிய பெயர்ப்பட்டியல்

ஓல்கா டெல்லிஸ் வழக்கின் தீர்ப்பைச் சட்டம் படிக்கும் மாணவிகள் எல்லோரும் அறிவார்கள். 1985 ஜூலை 10 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் வழங்கிய தீர்ப்பு அது. பிழைப்புக்கான உரிமையும் உயிர் வாழும் உரிமைக்குள் அடங்கும் என்று அரசியல் சாசனத்தின் 21ஆவது பிரிவுக்குப் பொருள் சொன்னது. பம்பாய்ப் பத்திரிகையாளர் ஒருவரின் பெயரால் அறியப்படும் அந்த வழக்கின் பக்கங்களில் ஒரு தமிழ்க் குடும்பமும் இருக்கிறது.

குடும்பத் தலைவர் சேலத்துக்காரர், நிலமற்ற கூலி. வறட்சியில் வேலை இல்லாமல் போய் 1961இல் பம்பாய்க்கு வந்தவர். தகிசரில் ஒரு ரசாயனக் கம்பெனியில் நாளைக்கு 23 ரூபாய் கூலி. நடைபாதையில் பிளாஸ்டிக்கும் கித்தானும் போர்த்திய ஒரு மறைப்புக்காக 2,500 ரூபாயை ஒரு தாதா அவரிடம் பறித்திருக்கிறான். அதில் அவருடன் மனைவியும் மூன்று மகள்களும் இருந்தார்கள். 1981 ஜூலையில், முதலமைச்சர் அந்துலேயின் அறிவிப்பைத் தொடர்ந்து, மழைக்காலத்தின் நடுவில் அந்த மறைப்பு பிய்த்தெறியப்பட்டது. குடும்பத்தைப் பேருந்தில் ஏற்றிச் சேலத்துக்கு அனுப்பினார்கள். ஊரில் வேலை கிடைக்காததால் அவர் மட்டும் பம்பாய்க்குத் திரும்பினார். மனைவியும் மகள்களும் ஊரிலேயே தங்கிவிட்டார்கள். அவர்களைப் பற்றித் தீர்ப்பு சொல்வது இவ்வளவுதான். மகள்களுக்கு அதில் பெயர் இல்லை, வயது மட்டும் உண்டு: 16, 13, 5.

அகப்பாடல்களிலும் தலைவிக்குப் பெயரில்லை. அது இலக்கணம் வகுத்த மரபு. எந்தப் பெண்ணும் அவளாக இருக்கலாம் என்பதற்காகப் பெயர் மறைக்கப்படுகிறது என்று வகுப்பில் சொல்லிக்கொடுக்கிறோம். தீர்ப்பில் பெயர் விடுபட்டதற்கு அப்படி எந்த அழகியலும் இல்லை. வழக்குக்கு அந்தப் பெயர்கள் தேவைப்படவில்லை, அவ்வளவுதான்.

உரிமை உண்டு என்று சொன்ன அதே தீர்ப்பு, நடைபாதை நடப்பதற்கே என்றும் சொல்லி, அப்புறப்படுத்தும் அதிகாரத்தை மாநகராட்சியிடமே விட்டது. மழைக்காலம் முடிந்து அக்டோபர் 31 வரை மட்டும் தவணை கொடுத்தது. 1976இல் நடந்த குடிசைக் கணக்கெடுப்பில் இடம்பெற்று அடையாள அட்டை வாங்கியவர்களுக்கு மாற்று இடம் தரச் சொன்னது. ஆனால் நடைபாதையில் இருந்தவர்கள் அந்தக் கணக்கெடுப்புக்குள் வரவே இல்லை. அரசு ஆவணத்தின்படி, அவர்கள் இருந்தது குடிசைப் பகுதிகூட அல்ல. எண்ணப்படாதவருக்கு மாற்று இடம் கிடையாது. மாநகராட்சியின் வண்டியும் கடப்பாரையும் மட்டும் அவர்களைத் தேடி வரும்.

பெண்களின் வரலாறு என்று நான் படிக்கச் சொல்வது இதற்குப் பிறகு நடந்ததைத்தான்.

ஷீலா பட்டேலும் பிரேமா கோபாலனும் இன்னும் சிலரும் சேர்ந்து 1984இல் 'ஸ்பார்க்' என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். பைகுல்லாவில் மாநகராட்சி மருந்தகத்தின் வளாகத்தில் இருந்த ஒரு கார் கொட்டகைதான் அலுவலகம். சுற்றியிருந்த தெருக்களின் நடைபாதைகளில் வாழ்ந்த பெண்கள் வந்து உட்கார்ந்து பேச அந்த இடம் போதுமானதாக இருந்தது. தீர்ப்பு வந்தபோது அங்கே எழுந்த கேள்வி எளியது: நம்மை எண்ண யாரும் வரவில்லை என்றால் நாமே எண்ணினால் என்ன?

அக்டோபர் தவணை நெருங்கிக்கொண்டிருக்க, வீடு வீடாகக் கணக்கெடுத்தார்கள். வீடு என்றால் சுவரோடு ஒட்டிக்கட்டிய சாக்கும் மூங்கிலும். சுமார் 6,000 குடும்பங்கள், 27,000 பேர். அதே ஆண்டில் 'வீ, தி இன்விசிபிள்' என்ற தலைப்பில் அறிக்கையாக வந்தது. கண்ணுக்குத் தெரியாத நாங்கள், என்று தலைப்பிலேயே தன்மையில் பேசிய அறிக்கை. நேற்று வந்து இன்று போகிறவர்கள் என்ற நகரத்தின் எண்ணத்தை அது உடைத்தது. பத்து, இருபது ஆண்டுகளாக அதே கல்லில் சோறாக்கியவர்கள், அங்கேயே பிள்ளை பெற்றவர்கள். நடந்தே போய்விடக்கூடிய தூரத்தில் வேலை இருந்ததால்தான் அந்த இடம். பேருந்துக்குக் காசு கொடுத்தால் அன்றைய கூலியில் மிச்சம் நிற்காது.

மறு ஆண்டு 'மகிளா மிலன்' உருவானது. பெண்கள் ஒன்றுகூடுதல் என்று பொருள். அதன் முதல் வேலைகளில் ஒன்று ரேஷன் கார்டு. முகவரி இல்லாதவருக்குக் கார்டு கிடையாது என்ற அதிகாரிகளோடு பேசிப் பேசிக் கார்டு வாங்கினார்கள். காவல் நிலையத்துக்குள் குற்றவாளியாக அல்லாமல் போய்ப் பேசப் பழகினார்கள். இடிக்கும் படை வரும் செய்தி கிடைத்தால் தாங்களே குடிசையைப் பிரித்துத் தட்டுமுட்டுச் சாமான்களை ஓரம் சேர்த்து, படை போனதும் மறுபடி கட்டினார்கள். பாத்திரமும் பாயும் வண்டியில் ஏறிப்போகாமல் தப்பின. இதைச் சமரசம் என்று அப்போது சிலர் குறை சொன்னார்கள். ஒரே ஒரு குக்கர் வைத்திருப்பவளிடம் போய் அதைச் சொல்லிப் பார்க்கலாம்.

தினசரிச் சேமிப்பும் அப்படித்தான் தொடங்கியது. எழுத்துத் தெரியாத பெண்கள் கணக்கு வைத்த விதம் எனக்கு மிகவும் பிடிக்கும். ஒவ்வொருத்திக்கும் ஒரு பிளாஸ்டிக் பை. ஒவ்வொரு தொகைக்கும் ஒரு நிறத்தில் காகிதத் துண்டு. பையைத் தட்டினால் கணக்கு முழுவதும் மடியில் விழும்.

பிறகு வீட்டைப் பற்றி யோசிக்கத் தொடங்கினார்கள். வீடு கிடைத்தால் எப்படி இருக்க வேண்டும்? கட்டடக் கலைஞரின் வரைபடம் புரியாது. தங்கள் உடம்பாலும் சேலையாலும் அளந்தார்கள். ஒரு சேலை நீளம், அதில் பாதி அகலம் என்று தரையில் விரித்து, உள்ளே நடந்து, குனிந்து, படுத்துப் பார்த்தார்கள். பரப்பளவு குறைவாகத்தான் கிடைக்கும் என்பதால் உயரத்தைக் கேட்டார்கள்: 14 அடி. அப்போதுதான் உள்ளே பரண்போல ஒரு மேல்தளம் போடலாம். மேலே பிள்ளைகள் படிக்கலாம், படுக்கலாம். ஒருத்தி உடை மாற்றலாம். நடைபாதையில் ஒரு பெண்ணுக்கு ஒருபோதும் வாய்க்காத ஒன்று அந்தச் சில அடி உயரத்தில் இருந்தது. நிஜ அளவில் மாதிரி வீடு கட்டிக் கண்காட்சி வைத்தார்கள். மற்ற நகரங்களின் குடிசைவாசிகளும் அதிகாரிகளும் வந்து பார்த்தார்கள்.

இதில் ஒரு தமிழரின் பங்கும் உண்டு. கோலார் தங்கவயலில் பிறந்த ஜோக்கின் அற்புதம், பம்பாயின் ஜனதா காலனியைக் காக்கப் போராடியவர். அணு ஆராய்ச்சி மையத்தின் தேவைக்காக அந்தக் குடியிருப்பு 1976இல் நெருக்கடி நிலையின்போது இடிக்கப்பட்டது. தேசியக் குடிசைவாசிகள் கூட்டமைப்பை உருவாக்கிய அவர், பைகுல்லா பெண்களோடு கூட்டுச் சேர்ந்தார். 2000இல் மகசேசே விருது பெற்றார். ஆண் தலைவர்கள் நிறைந்த அமைப்பு அது. கூரைக்கும் தண்ணீருக்கும் ரேஷனுக்கும் அன்றாடம் மல்லுக்கட்டுகிறவர்கள் பெண்களே என்பதை அவர் பைகுல்லாவில் கண்டுகொண்டார். விருதுகள் அவர் பெயரில் வந்தன. கணக்குப் பைகள் பெண்கள் கையில் இருந்தன.

சேமிப்பதும் எண்ணுவதும் இடம் தேடுவதும் அதிகாரியைப் பார்ப்பதும் பெண்கள் தலையிலேயே விழுந்தன. அதுவும் வீட்டு வேலையும் கூலி வேலையும் முடித்த பிறகு, ஒரு பைசா ஊதியமின்றி. அரசு செய்யத் தவறியதைப் பெண்களின் தூக்கத்தில் கைவைத்து ஈடுகட்டியதாகவும் இதைப் படிக்கலாம். மாணவிகள் இதைக் கேட்கும்போது நான் மறுப்பதில்லை. ஆனாலும், அந்தக் காகிதத் துண்டுகள் இல்லாவிட்டால் யாருக்கு எதிராகப் பேசுவது என்றே தெரியாமல் அவர்கள் தனித்தனியாகச் சிதறியிருப்பார்கள் என்பதும் உண்மை.

1990களின் நடுவில் மகாராஷ்டிர அரசின் குடிசை மறுவாழ்வுத் திட்டத்துக்குள் நடைபாதைவாசிகளும் சேர்க்கப்பட்டார்கள். சேலை விரித்து அளந்த அந்த வீடு கட்டடமாக எழ இன்னும் ஆண்டுகள் பிடித்தன. மான்குர்தில் எழுந்த குடியிருப்புக்கு மிலன் நகர் என்று பெயர். சங்கத்தின் பெயரையே ஊருக்கு வைத்தார்கள். இதற்குள் பைகுல்லா பெண்கள் தென்னாப்பிரிக்காவின் குடிசைகளுக்குப் போய்ச் சேமிப்பையும் கணக்கெடுப்பையும் சொல்லிக்கொடுத்துத் திரும்பியிருந்தார்கள்.

பைகுல்லாவிலிருந்து மான்குர்த் நடக்கிற தூரம் இல்லை. பழைய வீடுகளில் பாத்திரம் தேய்த்தவர்கள் வேலையைத் தக்கவைக்க வேண்டுமானால் விடிவதற்கு முன் லோக்கல் ரயிலைப் பிடிக்க வேண்டும். முடியாதவர்கள் வேறு வேலை தேடினார்கள். கதவைப் பூட்டி, சாவியை முந்தானையில் முடிந்துகொண்டு தேடினார்கள். நடைபாதையில் பூட்டுவதற்குக் கதவு இருந்ததில்லை.