மின்மீன் முதல் மின்கருவி வரை

மின்சாரம் என்ற பெயரே பிறவாத காலத்தில், அதன் சக்தியால் மனிதனுடைய தீராத வேதனையைத் தணிக்கலாம் என்பதை அனுபவத்தால் உணர்ந்து எழுதிவைத்தவர், ரோமாபுரியில் கிளாடியஸ் சக்கரவர்த்தியின் காலத்தில் வாழ்ந்த ஸ்கிரிபோனியஸ் லார்கஸ் என்னும் வைத்தியர் ஆவார். கீல்வாதத்தால் வருந்துகிறவன், அலை நனைக்கும் கடற்கரையில் நின்று, உயிருள்ள கரிய மின்திருக்கை மீனைப் பாதத்தின் கீழ் வைத்து, முழங்கால் வரை மரத்துப்போகும் அளவும் மிதித்திருக்க வேண்டும் என்றும், நாள்பட்ட தலைவலிக்கு அம்மீனை நோகும் இடத்திலேயே வைக்க வேண்டும் என்றும் அவர் விதித்தார்.

18-ஆம் நூற்றாண்டின் நடுவில் லெய்டன் ஜாடி தோன்றி, மின்சாரத்தைச் சேமித்து வேண்டியபோது விடுவிக்க வழி பிறந்ததும், மீனின் இடத்தை யந்திரம் பெற்றது. சமயப் பிரசாரகரான ஜான் வெஸ்லி, லண்டனில் ஏழைகளுக்கு மின்சிகிச்சை அளித்ததோடு, 1760-ல் அதைப் பற்றி ஒரு நூலும் வெளியிட்டார்.

ஆயினும், மின்சாரம் வலியைத் தணிப்பது எவ்வாறு என்பதற்குத் தெளிவானதொரு விளக்கம் 1965-ல்தான் பிறந்தது. தண்டுவடத்தில் வாயில் போன்றதோர் அமைப்பு உண்டென்றும், ஸ்பரிச உணர்வைச் சுமக்கும் பருத்த நரம்பிழைகள் தூண்டப்பட்டால் அவ்வாயில் அடைபட்டு, மெல்லிய இழைகளின் வழியே வரும் வேதனை மூளையை எட்டாது தடைபடும் என்றும் ரொனால்ட் மெல்சாக், பாட்ரிக் வால் ஆகிய இருவரும் கூறினர். 1967-ல் வாலும் வில்லியம் ஸ்வீட்டும் மென்மையான மின்தூண்டலால் நோயாளிகளின் வலியைத் தற்காலிகமாக அகற்றிக் காட்டினர்.

இன்று அத்தகைய மின்தூண்டலை அளிக்கத் தோலின்மேல் ஒட்டப்படும் சிறு கருவி எல்லோருடைய வலியையும் தீர்த்துவிடுவதில்லை; எனினும், பிறர் துயரம் கண்டு பொறாத ஒரு வைத்தியர் குறித்துவைத்த உண்மை, ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகள் கடந்து நம் கைக்கு வந்து சேர்ந்திருப்பதை எண்ணும்போது, நெஞ்சம் நன்றியால் நெகிழ்கிறது.