செல்ஃப் மோட்டார்: வேதாரண்யம் வட்டார ஃபோர் வீல் வண்டிகளில்

செல்ஃப் மோட்டார் என்பது நின்றிருக்கும் என்ஜினைச் சுழற்றி உயிர்ப்பிக்கும் மின்மோட்டார். ஸ்டார்ட்டர் மோட்டார் என்பது நூல்வழக்கு. தமிழ்நாட்டுப் பட்டறைகளில் ‘செல்ஃப்’ என்றாலே போதும். கிழக்கே வங்கக் கடல், தெற்கே பாக் நீரிணை, மேற்கே பெருஞ்சதுப்பு என உப்புநீர் சூழ்ந்த வேதாரண்யத்தில் இந்த மோட்டார் உழைத்துத் தேய்வதைவிட உப்பரித்துக் கெடுவதே மிகுதி. அந்த உப்பு முதலில் தின்பது மோட்டாரை அல்ல, அதற்கு மின்சாரம் வந்துபோகும் வழியை. ஆகவே இங்கே செல்ஃபைப் பராமரிப்பது என்றால் பாதி வேலை கேபிளையும், மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பும் வழியான எர்த்தையும் பராமரிப்பதுதான்.

அமெரிக்கப் பொறியாளர் சார்லஸ் கெட்டரிங் உருவாக்கிய மின் ஸ்டார்ட்டர், 1912ஆம் ஆண்டின் கேடிலாக் காரில் முதன்முதலாக வழக்கமான உறுப்பாக வந்தது. அதற்குமுன் கைப்பிடியைச் செருகிச் சுழற்ற வேண்டும். என்ஜின் எதிர்த்து உதைத்தால் கை முறியும். பழைய வில்லிஸ் ஜீப்பில் ஸ்டார்ட்டர் சுவிட்சைக் காலால் மிதிக்க வேண்டியிருந்தது, அவசரத்துக்குக் கைப்பிடியும் உண்டு. இன்றைய பொலேரோவிலோ தாரிலோ அந்த மாற்றுவழி இல்லை. நம் நாட்டில் இவ்வகை மோட்டார்களைச் செய்யும் பெரிய நிறுவனங்களுள் ஒன்றான லூகாஸ் டிவிஎஸ் 1961இல் தொடங்கப்பட்டது. அதன் ஆலை சென்னை பாடியில் உள்ளது.

சாவியைத் திருப்பியதும் சிறு மின்சாரம் மோட்டாரின் முதுகில் உள்ள சொலினாய்டு சுவிட்சுக்குப் போகிறது. அது இரண்டு வேலை செய்யும். முதலில் ஒரு நெம்புகோலை இழுத்து, பட்டறையில் பெண்டிக்ஸ் எனப்படும் பற்சக்கரத்தை முன்னே தள்ளி ஃப்ளைவீலின் ரிங் கியரில் கோக்கும். பிறகு தடித்த செம்புத் தொடுப்புகளை இணைத்து பேட்டரியின் முழு மின்சாரத்தையும் மோட்டாருக்குள் விடும். கார்பன் பிரஷ் வழியே ஆர்மேச்சருக்கு மின்சாரம் ஏறி அது சுழலும். என்ஜின் பிடித்துக்கொண்டதும் பெண்டிக்ஸில் உள்ள ஒருவழி கிளட்ச் நழுவி, மோட்டார் அதிவேகத்தில் சிதறாமல் காக்கும்.

டீசல் என்ஜினைச் சுழற்ற மோட்டார் 300 ஆம்பியரோ அதற்கு மேலோ இழுக்கும். வழியில் எங்காவது ஓர் ஓமில் நூறில் ஒரு பங்கு தடை ஏறினாலும் 3 வோல்ட் அங்கேயே வெப்பமாகப் போய்விடும். 12 வோல்ட் பேட்டரியில் அது கால்வாசி. நல்ல மோட்டாரும் அப்போது முனகும். ‘செல்ஃப் போயிடுச்சு’ என்று புதிது மாட்டிய பிறகும் வண்டி எழாமல் நிற்பதன் காரணம் பெரும்பாலும் இதுதான்.

அந்தத் தடையைக் கொண்டு வருவது உப்பு. சமையல் உப்பு, காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 விழுக்காட்டைத் தாண்டினால் ஈரத்தை உறிஞ்சித் தானே நீராகக் கசியும்; கடலோர இரவுகளில் அந்த அளவு சாதாரணம். 1930 உப்புச் சத்தியாகிரகத்தின் நினைவுத்தூண் நிற்கும் அகஸ்தியம்பள்ளியைச் சுற்றிய உப்பளங்களில் நிலைமை இன்னும் கடுமை. உப்பு வாரிய பின் பாத்தியில் எஞ்சும் கசப்புநீரில் மக்னீசியம் குளோரைடு மிகுதி. அதற்கு 33 விழுக்காடு ஈரப்பதமே போதும். எனவே உப்பள வரப்பில் ஓடி வண்டியடியில் ஒட்டிய சேறு, வயல் சேற்றைப் போல வெயிலில் காய்ந்து உதிர்வதில்லை. பங்குனி நண்பகலிலும் பிசுபிசுப்பாகவே இருந்து இரும்பையும் செம்பையும் அரிக்கும். நான்கு சக்கரங்களும் இழுக்கும் ஃபோர் வீல் வண்டி எந்தப் பாதைக்காக வாங்கப்படுகிறதோ அந்தப் பாதையே அதன் செல்ஃபுக்குப் பகை.

கழற்றிய மோட்டாரைக் கையில் வாங்கிப் பார்த்தால் இது விளங்கும். முன்மூக்கின் அலுமினியம், கியர்பாக்ஸ் ஓட்டைத் தொடும் விளிம்பில் மாவுபோல வெள்ளையாகப் பூத்திருக்கும். பேட்டரி கேபிளின் தோலைக் கீறினால், மினுங்க வேண்டிய செம்பிழைகள் கறுத்து, முனையில் பச்சைக் களிம்பாகித் தொட்டாலே ஒடியும். வெளியே கேபிள் புதிதுபோலத் தெரியும். பெண்டிக்ஸ் வழுக்கிச் செல்லும் திருகுப் பள்ளங்களில், கிளட்ச் தூளும் உப்புச்சேறும் கலந்து பசையாகியிருக்கும்.

கோளாறைக் காதாலேயே பாதி கண்டுவிடலாம். ‘டக்டக்டக்’ என்று தொடர்ந்து அடித்தால் பேட்டரி இறங்கியிருக்கும், அல்லது டெர்மினல் பூத்திருக்கும். ஒரே ஒரு ‘டக்’ மட்டும் கேட்டு நின்றால் சொலினாய்டின் செம்புத் தொடுப்பு கருகியிருக்கலாம், பிரஷ் தேய்ந்திருக்கலாம். மோட்டார் மட்டும் விர்ரென்று சுற்றி என்ஜின் அசையாவிட்டால் பெண்டிக்ஸ் கிளட்ச் நழுவுகிறது. கரகரவென்று அரைத்தால் பல் போயிருக்கிறது. அதற்குமேல் சாவியைத் திருப்பக் கூடாது.

மோட்டாரில் கை வைக்குமுன் ஒரு வோல்ட் மீட்டர் போதும். ஒருவர் சாவியைத் திருப்ப, மற்றவர் பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கும் மோட்டாரின் உடலுக்கும் இடையே அளக்க வேண்டும். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் குற்றம் எர்த்தில். எர்த் பட்டையைக் கழற்றி, இரு முகங்களையும் உப்புத்தாளால் பளிச்சென்று தேய்த்து, இறுக்கிய பின் மேலே வாசலின் பூச வேண்டும். முதலில் பூசிவிட்டு இறுக்குவது தவறு. சாவியைத் திருப்பியபடியே பேட்டரியில் நேராக அளக்கும்போது 9.6 வோல்ட்டுக்குக் கீழே சரிந்தால் பேட்டரியைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

மாற்றியே ஆக வேண்டுமென்றால் வண்டியைக் கெட்டித் தரையில் நிறுத்த வேண்டும். கடற்கரை மணலில் ஜாக்கி புதையும், அடியில் பலகை வேண்டும். ஃபோர் வீல் வண்டிக்கே உரிய ஓர் ஆபத்தை இங்கே சொல்லியாக வேண்டும்: முன், பின் சக்கரங்களுக்குச் சுழற்சியைப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸின் நெம்புகோல் நியூட்ரலில் இருந்தால், கியரில் விட்டிருந்தாலும் வண்டி உருளும். சக்கரங்களுக்குக் கட்டை கொடுக்காமல் அடியில் படுக்கவே கூடாது.

முதலில் பேட்டரியின் நெகட்டிவ் கேபிள். பிறகு மோட்டாரின் தடித்த கேபிளும் சாவியிலிருந்து வரும் சிறு வயரும். கேபிள் நட்டைத் திருகும்போது சொலினாய்டின் செம்பு போல்ட் கூடவே சுற்றினால் உள்ளே இணைப்பு அறுந்துபோகும். அடி நட்டை இன்னொரு ஸ்பேனரால் பிடித்துக்கொள்ள வேண்டும். மேல் போல்ட் கண்ணுக்குத் தெரியாது, நீண்ட எக்ஸ்டென்ஷனை விட்டு விரலால் தடவித்தான் கண்டுபிடிக்க வேண்டும். முந்தைய இரவே துருநீக்கித் திரவம் தெளித்து வைப்பது நல்லது. பல கிலோ எடையுள்ள மோட்டாரைக் கேபிளில் தொங்கவிடக் கூடாது. சில வண்டிகளில் முன் புரொப்பல்லர் ஷாஃப்டை ஒதுக்காமல் அது வெளியே வராது.

மோட்டார் வந்த துளை வழியே ரிங் கியரைப் பார்க்காமல் மூடுவது பெரும்பிழை. நான்கு சிலிண்டர் என்ஜின் பெரும்பாலும் எதிரெதிரான இரண்டு இடங்களிலேயே வந்து நிற்கும். அங்குள்ள பற்களே அதிகம் தேயும். என்ஜினைக் கையால் முழுச்சுற்று திருப்பி எல்லாப் பற்களையும் பார்க்க வேண்டும். புதிய மோட்டாரில் பல் எண்ணிக்கை, சுழலும் திசை, கிலோவாட் மூன்றும் பழையதோடு ஒத்திருக்க வேண்டும். மோட்டாரின் எர்த் அதன் உடல் வழியாகவே திரும்புவதால், பொருந்தும் முகத்தில் பெயின்டோ கிரீஸோ இருக்கக் கூடாது.

பழையதை உடனே எறிய வேண்டியதில்லை. பிரஷும் புஷ்ஷும் மாற்றி, பிரஷ் உரசும் கம்யூட்டேட்டரைக் கடைசல் பிடித்தால் பல மோட்டார்கள் மீண்டும் உழைக்கும். ஆர்மேச்சர் ஈயம் சிதறிக் கருகியிருந்தால் மட்டும் செலவழிப்பது வீண். சேற்றில் சிக்கிய வண்டியை லோ கியரில் போட்டு செல்ஃபாலேயே நகர்த்தும் பழைய வழக்கம்தான் அப்படிக் கருக்குவது. ஒருமுறைக்கு 10 விநாடி, பிறகு அரை நிமிடமாவது ஓய்வு என்பதே கணக்கு.

சூடான மோட்டார் நீரில் மூழ்கினால் உள்காற்று சுருங்கி உப்புநீரை உள்ளே இழுக்கும். உப்பளத்தில் ஓடிய வண்டியை அன்றே நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும். உவர்ப்பேறிய போர் தண்ணீர் ஆகாது. மோட்டாரை நோக்கிப் பீய்ச்சவும் கூடாது. 2018 நவம்பர் 16 அதிகாலை கரையேறிய கஜா புயலின்போது நடந்ததுபோலக் கடல்நீரும் சேறும் ஊருக்குள் வரும்போது, மூழ்கி நின்ற வண்டியில் சாவியைப் போடாமல் பேட்டரி கேபிளைக் கழற்றி, மோட்டாரை இறக்கி நல்ல தண்ணீரில் அலசி உலர்த்திய பிறகே மாட்ட வேண்டும்.