தழீஇய சொல்

ஆங்கிலத்தில் 'எம்பிரேஸ்' என்ற சொல்லைப் பிரித்தால் உள்ளே இருப்பது கை. பழைய பிரெஞ்சில் 'பிரா' என்றால் புயம். புயங்களுக்குள் கொள்வது என்பது அதன் முதற்பொருள். துருக்கி மொழிக்காரர் இந்த ஒரு சொல்லைப் பெயர்க்க மூன்று நான்கு சொற்களைத் தேடவேண்டியிருக்கிறது. குழந்தையை அணைத்துக்கொண்டால் 'குஜாக்லாமாக்'. 'குஜாக்' என்பது மடியையும் மார்பையும் சேர்த்துச் சொல்வது. நண்பனைக் கட்டிக்கொண்டால் 'சாரில்மாக்'; அதன் வேர்ச்சொல்லுக்குச் சுற்றுதல் என்று பொருள். திராட்சை இலையில் சோற்றைச் சுருட்டிச் செய்யும் 'சார்மா' என்ற பண்டமும் அந்த வேரிலிருந்து வந்ததே. ஒரு கொள்கையைத் தழுவினால் 'பெனிம்செமெக்'. 'பெனிம்' என்றால் 'என்னுடைய', ஆகவே 'எனதாக்கிக்கொள்வது'. மதத்தைத் தழுவும்போது இவை எதுவும் ஒத்துவராமல், நிக்காஹ் வழியாக நம்மூரிலும் பலருக்குத் தெரிந்த 'கபூல்' என்ற அரபுச் சொல்லிடம் போய்விடுகிறார்கள்.

தமிழில் இத்தனைக்கும் 'தழுவு' ஒன்றே போதும் என்பது முதலில் பெருமையாகத்தான் தோன்றியது. அப்புறம்தான், இந்தச் சொல் எப்படி இவ்வளவையும் தாங்குகிறது என்ற கேள்வி வந்தது. மதம் தழுவுதல், கொள்கை தழுவுதல் எல்லாம் ஆங்கிலத்தைப் பார்த்து நாம் செய்துகொண்ட வழக்கு என்று சிலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். அது சரியல்ல. குடிகளைத் தழுவி ஆளும் மன்னனைச் செங்கோன்மை அதிகாரத்திலும், உலகத்தைத் தழுவிக்கொள்வதை அறிவுடைமை அதிகாரத்திலும் வள்ளுவர் பேசுகிறார். இரண்டிடத்திலும் சொல் 'தழீஇ'தான். உடலைத் தாண்டிய தழுவல் நமக்குப் புதிதல்ல.

உடலோடு நின்றுவிட்ட சொற்களும் உண்டு. முயங்குதல் அகப்பாட்டை விட்டு வெளியே வரவேயில்லை. தொல்காப்பியர் உரியியலில் 'கவவு' என்ற சொல்லுக்கு உள்ளே இடுதல் என்று பொருள் சொல்கிறார். மிக அழகான விளக்கம், ஆனால் சொல் வழக்கிழந்துவிட்டது. 'அணை' பிழைத்தது, பிழைத்ததோடு நில்லாமல் ஆற்றைத் தடுக்கவும் விளக்கை அவிக்கவும் தலைக்கு வைத்துக்கொள்ளவும் போய்விட்டது. கட்டிப்பிடித்தலுக்கு இலக்கிய மதிப்பு கிடைக்காமலே இருந்தது. 2004இல் 'வசூல்ராஜா எம்.பி.பி.எஸ்.' வந்து அதை ஒரு வைத்தியமாக்கியது. அந்தப் படமே 2003இன் இந்திப் படம் ஒன்றின் தழுவல் என்பது வேறு விஷயம்.

தழுவல் என்று இலக்கியத்தில் சொல்லும்போது நாம் கொஞ்சம் குரலைத் தாழ்த்திக்கொள்கிறோம். 1891இல் வெளிவந்த 'மனோன்மணீயம்' லிட்டன் பிரபுவின் 'தி சீக்ரெட் வே' என்ற கதையைத் தழுவியது. சுந்தரம் பிள்ளை இதை ஒளிக்கவில்லை. இன்று தழுவல் என்றால் பாதித் திருட்டு என்ற தொனி ஏறிவிட்டது. மூலத்தை மார்போடு சேர்த்துக்கொள்வது என்ற பொருள் அதில் இன்னும் மிச்சமிருக்கிறது என்றே நினைக்கிறேன்.

முல்லைக்கலிக்கு வருவோம். சோழன் நல்லுருத்திரன் பாடிய பதினேழு பாட்டுகளில் ஒன்று, காளையின் கொம்புக்கு அஞ்சுகிறவனை ஆயர்மகள் மறுபிறவியிலும் புல்லமாட்டாள் என்கிறது. ஏற்றைத் தழுவியவனையே அவள் புல்லுவாள். பிறகு கைகோத்து ஆடும் குரவைக்கும் அதே 'தழீஇ'தான் வருகிறது. விலங்கு, ஆண், கூத்து எல்லாவற்றுக்கும் ஒரே அசைவு. ஆங்கிலத்தில் இது 'காளையை அடக்குதல்' ஆனபோது முழுப்பொருளும் நழுவிவிட்டது. 2014 மே மாதம் உச்சநீதிமன்றம் தடை விதித்து, 2017 ஜனவரியில் மெரினாவில் கூட்டம் திரண்டபோது, 'ஏறுதழுவல்' என்ற சொல்லே ஒரு வாதமாக முன்வைக்கப்பட்டது. 2023 மே மாதம் அரசியல் சாசன அமர்வு மாநிலச் சட்டத்தை ஏற்றது. காளைக்கு அது தழுவலாகத் தெரிந்ததா என்று யாரும் கேட்டுச் சொல்ல முடியாது. சொல்லை மட்டும் வைத்துக்கொண்டு அதைத் தீர்மானிக்கவும் கூடாது.

குத்தம்பாக்கத்திலிருந்து பெங்களூர் நெடுஞ்சாலையில் மேற்கே போனால் காஞ்சிபுரம். அங்கே ஏகாம்பரநாதருக்குத் 'தழுவக் குழைந்தார்' என்று ஒரு பெயர். கம்பையாறு பெருகி வர, மணலால் செய்த லிங்கம் கரைந்துவிடுமே என்று உமை அதைக் கட்டிக்கொண்டாள், இறைவன் குழைந்தான். குன்றத்தூர்க்காரரான சேக்கிழார் இதைத் திருக்குறிப்புத் தொண்டர் புராணத்தில் விரித்துப் பாடுகிறார். நம் பகுதியின் புலவர் நம் பகுதியின் மூர்த்திக்குச் சொன்ன கதை. தழுவப்பட்டவரும் உருமாறுகிறார் என்பதை இவ்வளவு துணிச்சலாக வேறெந்தத் தெய்வப் பெயரும் சொல்லவில்லை.

இதே சொல்தான் மதமாற்றத்தில் அரசியலாகிறது. 1898இல் அயோத்திதாசர் இலங்கை சென்று பௌத்தம் தழுவினார். 1956 அக்டோபர் 14இல் நாகபுரியில் அம்பேத்கர் தழுவினார். 1981இல் மீனாட்சிபுரத்தில் தலித் குடும்பங்கள் இஸ்லாம் தழுவியபோது நாடு முழுக்க எழுந்த கூச்சலில் கேட்டது 'மாறினார்கள்' என்ற வினைதான். போனவனைப் பார்ப்பவன் மாறினான் என்கிறான். வந்தவனைப் பார்ப்பவன் தழுவினான் என்கிறான். தீண்டாதே என்று சொன்ன ஊரை விட்டுப் போகிறவன் எடுத்துக்கொண்ட சொல் தழுவுதல் என்பதை நான் தற்செயலாக எண்ணவில்லை.

நம் இலக்கணக்காரர்களும் இந்தச் சொல்லை விடவில்லை. 'நானும் வந்தேன்' என்பதில் உள்ள 'உம்', முன்னே வந்தவனைத் தழுவி நிற்பதால் அதற்கு 'இறந்தது தழீஇய எச்சவும்மை' என்று பெயர். இனி வரப்போகிறவனைத் தழுவினால் 'எதிரது தழீஇய'து. பக்கத்திலேயே நின்றும் பொருளால் ஒன்றையொன்று பற்றாத சொற்கள் 'தழாத்தொடர்'. பள்ளியில் மனப்பாடம் செய்தபோது வெறும் பெயராகத் தெரிந்தது. பிறகு யோசித்தால், ஊரும் சேரியும் என்று நாம் எழுதிவைத்திருப்பது எத்தனை நூற்றாண்டுத் தழாத்தொடர்!

அந்தத் தொடரைத் திருத்தும் முயற்சி ஒன்று குத்தம்பாக்கத்தில் நடந்தது. வேதிப்பொறியியல் படித்து அறிவியலாளராக வேலை பார்த்து, அதை விட்டு ஊர் திரும்பிய இரா. இளங்கோ 1996இல் ஊராட்சித் தலைவரானார். அந்த ஆண்டுகளில் கலைஞர் கருணாநிதியின் அரசு பெரியார் நினைவு சமத்துவபுரங்களைக் கட்டியது. முதலாவது 1998இல் மதுரை மாவட்டம் மேலக்கோட்டையில் திறக்கப்பட்டது. ஓர் ஊருக்கு நூறு வீடு. நாற்பது தலித்துகளுக்கு, பிற்படுத்தப்பட்டோர்க்கும் மிகப் பிற்படுத்தப்பட்டோர்க்கும் இருபத்தைந்து இருபத்தைந்து, மற்றவர்க்குப் பத்து. பொதுவான திட்டத்தில் வீடுகள் தனித்தனி. பக்கத்துப் பக்கத்து வீடு என்றாலும் நடுவே இடைவெளி உண்டு. அந்த இடைவெளியில் பழைய ஊர் மறுபடி முளைத்துவிடலாம். குத்தம்பாக்கத்தில் அப்படி விடவில்லை. நூறு குடும்பங்களுக்கு ஐம்பது இரட்டை வீடுகள். ஒவ்வொன்றிலும் ஒரு பக்கம் தலித் குடும்பம், மறுபக்கம் தலித் அல்லாத குடும்பம். மண்ணை அழுத்திச் செய்த கற்களால் சுவர் எழுப்பினார்கள். நடுச்சுவர் இரண்டு வீட்டுக்கும் ஒன்றே. இந்தப் பக்கம் ஆணி அடித்தால் அந்தப் பக்கம் கேட்கும்.