ஒரே சதிக்கு எத்தனை கேஸ்?

டிஸ்கி: நான் வக்கீல் இல்லீங்க, பொட்டி தட்டுறவன். தீர்ப்புகளைப் படிப்பது ஒரு கிறுக்கு, அவ்வளவுதான் :-)

லாலுவின் மாட்டுத் தீவன ஊழல் என்றால் பலருக்கும் ஒரே வழக்கு என்றுதான் நினைப்பு. அது ஒன்றா, பலவா என்று உச்ச நீதிமன்றம் வரைக்கும் போய் அடித்துக் கொண்டார்கள். அந்தக் கதைதான் இது.

1996 ஜனவரியில் மேற்கு சிங்பூம் மாவட்ட துணை ஆணையர் அமித் கரே, சாய்பாசாவில் கால்நடைத் துறை அலுவலகங்களில் ரெய்டு போனார். வராத தீவனத்துக்கும் வாங்காத மருந்துக்கும் பொய் பில் போட்டு கருவூலப் பணத்தை உருவியிருந்தார்கள். தேவ்கர், தும்கா, தோரண்டா என்று தோண்டின இடமெல்லாம் இதே பாணி. சி.பி.ஐ. தனித்தனியா வழக்கு போட்டது. சாய்பாசாவுக்கு மட்டுமே ஒன்றுக்கு மேல்!

2013 செப்டம்பர் 30-ல் முதல் சாய்பாசா வழக்கில் (37.7 கோடி) லாலு குற்றவாளி என்று தீர்ப்பு, 5 வருஷ சிறை. உடனே எழுந்தது கேள்வி: சதி ஒண்ணுதானே, அதுக்கு ஒரு தடவை தண்டிச்சாச்சே? அரசியல் சட்டப் பிரிவு 20(2), ஒரே குற்றத்துக்கு இரண்டு முறை தண்டனை கூடாது என்கிறது. ஜார்க்கண்ட் உயர்நீதிமன்றம் 2014-ல் இதை ஏற்றுக்கொண்டு, தடயத்தை அழித்தது, குற்றத்துக்கு முயன்றது ஆகிய இரண்டு பிரிவுகளை மட்டும் விட்டுவைத்தது.

கேட்க விதண்டாவாதம் மாதிரி இருக்கும். ஆனா அமெரிக்காவில் இதே மாதிரி வாதம் ஜெயித்திருக்கிறது. 1942-ல் பிரேவர்மேன் வழக்கு. கள்ளச் சாராயக் கூட்டம், ஏழு சதிக் குற்றச்சாட்டு, 8 வருஷம் தண்டனை. அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் என்ன சொன்னதென்றால், சதியில் குற்றமே அந்த உடன்பாடுதான். உடன்பாடு ஒன்று என்றால், அதன் நோக்கம் ஏழானாலும் குற்றம் ஒன்றே. அதற்கு உச்சபட்சம் 2 வருஷம்தான்.

நம்ம உச்ச நீதிமன்றம் 2017 மே 8-ல் அப்படிப் போகவில்லை. பெரிய சதி ஒன்று இருக்கலாம். ஆனால் கருவூலம் வேறு, காலம் வேறு, தொகை வேறு, பொய் பில் வேறு, கூட்டாளிகளும் வேறு, ஆகவே குற்றமும் வேறு என்றது. ஒன்பது மாதத்தில் விசாரணையை முடிக்கவும் உத்தரவு.

பணத்தை உருவியதைப் பொறுத்தவரை எனக்கு இது சரியென்றே படுகிறது. ஒரே சாவியால் நாலு வீட்டைத் திறந்தால் திருட்டு நாலுதான். இடறுவது சதிப் பிரிவு 120பி-யில். தும்கா குமாஸ்தாவுக்கு சாய்பாசா பற்றி ஒன்றுமே தெரியாமல் இருக்கலாம். அவருடைய சதி தனிதான். உச்சியில் இருந்து எல்லாத்துக்கும் தலையாட்டியதாகச் சொல்லப்படுபவருக்கும் அதே கணக்கா? அங்கே உடன்பாடு எத்தனை? (ஆபீஸில் ஒரே பிழைக்கு அஞ்சு டிக்கெட் வந்தால் நாலை 'டூப்ளிகேட்' என்று மூடுவோம். கோர்ட்டில் அது நடக்காது போல.)

அப்புறம் வரிசையாக விழுந்தன. 2017 டிசம்பரில் தேவ்கர், 2018 ஜனவரியில் இன்னொரு சாய்பாசா, மார்ச்சில் தும்கா, 2022 பிப்ரவரியில் தோரண்டா. தும்காவில் மட்டும் இரண்டு ஏழு வருஷ தண்டனை, ஒன்று முடிந்தபின் மற்றொன்று. மொத்தம் 14.