அரண்மனை ஓட்டல்களும் பரோடாவில் கிடைக்காத ஓர் அறையும்

கொல்லிமலை செம்மேட்டில் வல்வில் ஓரிக்குச் சிலை இருக்கிறது. ஆடி மாதம் அரசே அவனுக்கு விழா எடுக்கிறது. கடையெழு வள்ளல்களில் ஒருவன், வில்லுக்குப் பேர்போனவன், மலையமான் திருமுடிக்காரியோடு நடந்த போரில் மாண்டவன் என்று பள்ளிக்கூடத்திலேயே படித்திருக்கிறோம். ஆனால் ஓரி குடியிருந்த அரண்மனை இதுதான் என்று மலையில் காட்ட எதுவும் இல்லை. 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி வருகிறவர்கள் அருவியையும் அறப்பளீசுவரர் கோயிலையும் பார்த்துவிட்டு இறங்குகிறார்கள். கொடுத்தவன் என்ற பேர் நின்றது. சுவர் நிற்கவில்லை.

மற்ற பல ஊர்களில் மன்னர்களின் சுவர்கள் நின்றுவிட்டன. இன்று அவை இரவுக்கு இவ்வளவு என்று வாடகைக்கு விடப்படுகின்றன. பணம் கட்டினால் ஒரு நாள் ராஜாவாக வாழலாம் என்பதுதான் விளம்பரங்களின் சாரம். நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. அந்த ராஜா வாழ்ந்தபோது நம் பாட்டனும் பாட்டியும் அந்த வாசலில் எங்கே நின்றார்கள்?

சமஸ்தானங்கள் இந்தியாவோடு இணைந்த பிறகு, பெரிய மாளிகைகளைப் பராமரிக்க வழி தேடிய மன்னர் குடும்பங்களில் சில அவற்றை ஓட்டல்களாக மாற்றின. ஜெய்ப்பூர் ராம்பாக் அரண்மனை 1957-லேயே ஓட்டலானது. உதய்பூரில் ஏரி நடுவே 1740-களில் கட்டப்பட்ட மாளிகை 1960-களில் ஓட்டலானது. 1971-இல் அரசியலமைப்பின் 26-ஆவது திருத்தம் மன்னர் மானியத்தையும் பட்டங்களையும் ஒழித்த பிறகு இது இன்னும் வேகம் பிடித்தது. வைஸ்ராய் வந்தால் தங்குவதற்கென்று மைசூரில் கட்டப்பட்ட லலித மஹால் 1974-இல் ஓட்டலானது. ஐதராபாத் ஃபலக்நுமா 2010-இல் விருந்தினருக்குத் திறந்தது. நம் பக்கத்தில் ஊட்டி ஃபெர்ன்ஹில் அரண்மனையும் அப்படித்தான். 1873-இல் மைசூர் மன்னர் குடும்பம் வாங்கிய கோடை மாளிகை, பின்னாளில் ஓட்டலாகிவிட்டது.

இவற்றில் ஜோத்பூர் உமைத் பவனின் கதையைப் பெருமையாகச் சொல்வார்கள். பஞ்சத்தில் வாடிய குடிகளுக்கு வேலை கொடுக்கவே மகாராஜா இதைக் கட்டினார் என்பது அந்தக் கதை. 1929-இல் அடிக்கல் நாட்டினார்கள், 1943-இல் கட்டி முடித்தார்கள். ஆயிரக்கணக்கானோர் உழைத்தார்கள். பஞ்ச காலத்தில் வேலை கிடைத்தது உண்மை, அதைச் சிறுமைப்படுத்த வேண்டியதில்லை. ஆனால் அத்தனை பேரின் முதுகில் எழுந்து நின்றது அடுத்த பஞ்சத்தைத் தடுக்கும் ஏரியல்ல. ஒரு குடும்பத்துக்கு 347 அறைகள் கொண்ட வீடு. கட்டச் சொன்னவர் பேர் மாளிகைக்கே பேராக இருக்கிறது. வடிவமைத்த ஆங்கிலேயக் கட்டடக் கலைஞர் லான்செஸ்டர் பேரும் எல்லோருக்கும் தெரியும். கல் உடைத்தவர்கள், சுமந்தவர்கள் பேர் எங்கே?

உதய்பூர் இருந்த மேவார் சமஸ்தானத்தில் கூலியில்லா வேலைக்குப் பேர் பேகார். நம் ஊரில் அதைத்தான் வெட்டி என்றார்கள். ‘வெட்டியான்’ என்ற சொல்லில் அதன் தழும்பு இன்னும் இருக்கிறது. மேவாரின் பிஜோலியாவில் விவசாயிகள் 1897 தொடங்கி பல பத்தாண்டுகள் வரிகளையும் பேகாரையும் எதிர்த்துப் போராடினார்கள். 1921-இல் மோதிலால் தேஜாவத் தலைமையில் பில் பழங்குடியினர் ஒன்றுதிரண்டதும் இதே கொடுமைகளுக்கு எதிராகத்தான். ஏரி மாளிகையின் அழகைப் பேசுகிறவர்கள் இந்த வரலாற்றையும் சேர்த்துப் பேச வேண்டும்.

தங்குவது என்ற சொல்லுக்கே நம் வரலாற்றில் வேறொரு பொருள் உண்டு. பரோடா மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாட் தந்த உதவித்தொகையில்தான் 1913-இல் பாபாசாகேப் அம்பேத்கர் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குப் போனார். அந்த நன்றிக்கடனைத் தீர்க்க 1917-இல் பரோடா அரசுப் பணிக்கு வந்தார். உலகத்தின் மிகப்பெரிய தனியார் மாளிகைகளில் ஒன்றான லட்சுமி விலாஸ் அரண்மனை நிற்கும் ஊர் அது. அந்த ஊரில் அவருக்கு வாடகைக்குக்கூட ஓர் அறை கிடைக்கவில்லை. பார்சி விடுதி ஒன்றில், பார்சிப் பேரில் தங்கினார். பதினோராம் நாள் தடிகளோடு வந்த கூட்டம் அவரை வெளியேறச் சொன்னது. போக்கிடமில்லாமல் பொதுத்தோட்டம் ஒன்றில் மணிக்கணக்கில் உட்கார்ந்திருந்துவிட்டு, இரவு ரயிலில் பம்பாய் திரும்பினார். மன்னர் நல்லவராக இருந்தும் பயனில்லை. மன்னரின் தயவு படிப்பு வரைக்கும் வந்தது. ஊரின் சாதி ஒரு கட்டிலைக்கூடத் தரவில்லை.

பின்னர் அவர் தலைமையில் வரைவு செய்யப்பட்ட அரசியலமைப்பில் 15(2)-ஆவது பிரிவு என்ன சொல்கிறது? கடை, உணவகம், ஓட்டல் எதிலும் சாதியைக் காட்டி யாரையும் தடுக்கக் கூடாது என்கிறது. 23-ஆவது பிரிவு பேகாரைப் பேர் சொல்லியே தடை செய்கிறது. ஆக, ஓர் அரண்மனை ஓட்டலாக மாறும்போது ராஜாவின் வாசல் சட்டப்படி எல்லோருக்குமான வாசலாகிறது. அந்தக் கதவைத் திறந்தது எந்த ராஜாவின் பெருந்தன்மையும் அல்ல. நம் மக்களின் போராட்டமும் அதிலிருந்து பிறந்த சட்டமும்தான்.

சட்டம் திறந்த கதவை வாடகைப் பட்டியல் பாதி மூடிவிடுகிறது என்பதும் தெரியும். அதனால் அங்கே போகாதீர்கள் என்று சொல்ல வரவில்லை. வசதியிருந்தால் போங்கள், தலை நிமிர்ந்து தங்குங்கள். மாளிகையைச் சுற்றிக் காட்டுகிறவரிடம் கேளுங்கள்: இந்தக் கல்லை யார் சுமந்தார்கள்? என்ன கூலி கொடுத்தார்கள்? கழிப்பறையை யார் சுத்தம் செய்தார்கள்? அவர்கள் எந்த வாசல் வழியாக உள்ளே வந்தார்கள்? விற்கப்படுவது வரலாறு என்றால், முழு வரலாற்றையும் தரட்டும். ஒவ்வொரு அரண்மனை ஓட்டலின் முகப்பிலும் கட்டியவர்களுக்கு ஒரு கல்வெட்டு வையுங்கள் என்று கேட்பது நம் உரிமை.

கொல்லிமலைக்கும் இதில் பாடம் இருக்கிறது. இங்கே அரண்மனை இல்லை, ஆனால் சுற்றுலா வளர்கிறது. மலையில் பெரும்பான்மையாக வாழ்கிறவர்கள் மலையாளிப் பழங்குடியினர். தமிழ்நாட்டில் எந்தப் பகுதியும் அரசியலமைப்பின் ஐந்தாம் அட்டவணையின்கீழ் அறிவிக்கப்படாததால், அந்தப் பாதுகாப்பு அவர்கள் நிலத்துக்கு இல்லை. ஓரியின் பேரில் விழா எடுக்கும் அரசு முதலில் அந்த நிலத்தைக் காக்கட்டும். நாளைக்கு இங்கே எழும்பும் விடுதிகளில் மலையின் மக்கள் அறை பெருக்குகிறவர்களாக மட்டும் இருந்தால், அரண்மனை இல்லாமலேயே அரண்மனைக் கதை திரும்பிவிட்டது என்று பொருள்.