மணிக்கோலும் மறக்கப்பட்ட கால்களும்

அமெரிக்க நாட்டின் செயின்ட் ஜோசப் நகரிலே குதிரை வீரன் ஒருவனுக்குச் சிலை நிற்கிறது. போரிலே வாகை சூடியவனல்லன் அவன். நாடு பிடித்த தளபதியுமல்லன். மடற்பையைச் சேணத்தில் மாட்டிக்கொண்டு மேற்கு நோக்கிப் பறந்த தொழிலாளி!

1860 ஏப்ரல் 3-ஆம் நாள் தொடங்கிற்று அந்தக் குதிரை அஞ்சல். மிசௌரி ஆற்றங்கரையிலிருந்து கலிபோர்னியாவின் சாக்ரமெண்டோ வரை ஏறத்தாழ 1,900 மைல். பத்து, பதினைந்து மைலுக்கொரு குதிரை மாற்று. நூறு மைலுக்குள் ஆள் மாற்று. பத்து நாளில் கடிதம் போய்ச் சேர்ந்தது. 1861-இல் லிங்கன் பதவியேற்று ஆற்றிய உரையைக் கலிபோர்னியாவிலே சேர்க்க எட்டு நாள்கூட ஆகவில்லை!

எத்தனை ஆண்டு நடந்தது இந்த வீர ஓட்டம்? பதினெட்டே திங்கள்! 1861 அக்டோபரில் தந்திக் கம்பி கடல் முதல் கடல் வரை நீண்டது, குதிரை நின்றது, முதல் போட்ட நிறுவனம் நொடித்தது. அந்தப் பாதை, பழங்குடி மக்களின் நிலத்தை அறுத்துக்கொண்டு சென்ற பாதை என்பதும், 1860-இல் பையூட் மக்களோடு மூண்ட போரால் அஞ்சலே சில வாரம் நின்றது என்பதும் சிலைகள் பேசாத செய்தி. ஆயினும், 1940-இலும் 1960-இலும் அக்குதிரை அஞ்சலுக்கு நினைவு அஞ்சல்தலை வெளியிட்டனர். பழைய தடத்திலே இன்றும் ஆண்டுதோறும் குதிரையோட்டி விழாக் கொண்டாடுகின்றனர்.

உழைத்தவனை நினைப்பது நல்ல பண்பு. அதைக் குறை கூறோம். நாம் கேட்பது வேறு. பதினெட்டுத் திங்கள் ஓடியவனுக்கு அங்கே சிலை. நூற்றாண்டு நூற்றாண்டாய் ஓடியவனுக்கு இங்கே என்ன?

இங்கே ஓடியவன் குதிரையேறி ஓடவில்லை. காலால் ஓடினான்!

14-ஆம் நூற்றாண்டிலே இந்தியாவுக்கு வந்த மொராக்கோ நாட்டுப் பயணி இபின் பதூதா, துக்ளக் ஆட்சியின் அஞ்சலைக் கண்டு வியந்து எழுதியிருக்கிறார். குதிரை அஞ்சலும் இருந்தது. காலாள் அஞ்சலும் இருந்தது. மைலுக்கு மூன்று நிலையம். ஒவ்வொன்றிலும் இடுப்பை இறுகக் கட்டிய ஆட்கள் காத்திருப்பர். ஓடுகிறவன் ஒரு கையில் மடல், மறு கையில் செம்பு மணி கோத்த கோல். மணியோசை கேட்டதும் அடுத்தவன் எழுந்து நிற்பான், வாங்குவான், ஓடுவான். சிந்து நாட்டிலிருந்து தில்லிக்கு ஐம்பது நாள் பயணம். மடலோ ஐந்தே நாளில் சேர்ந்தது! குதிரை அஞ்சலினும் காலாள் அஞ்சலே விரைவானது என்கிறார் அவர். மாயமல்ல, மந்திரமல்ல; களைப்பு வருமுன் கை மாற்றும் கணக்கு.

தமிழகத்திலோ குதிரை கடல் கடந்து வந்த சரக்கு. காவிரிப்பூம்பட்டினத்திலே புரவிகள் கப்பலில் வந்திறங்கியதைப் பட்டினப்பாலை சொல்கிறது. பாண்டியர் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் குதிரை வாங்கியதையும், அவற்றில் பெரும்பாலானவை ஓராண்டுக்குள் மடிந்ததையும் மார்க்கோ போலோ எழுதினார். குதிரைக்கு விலை இருந்தது; இறந்தால் இழப்பு இருந்தது. ஏழையின் காலுக்கு?

கொள்ளிடத்துக்கு வடக்கே, நம் அரியலூர் மாவட்டத்து விக்கிரமங்கலம், சோழர் தலைநகரான கங்கைகொண்ட சோழபுரத்துக்கு அண்மையிலுள்ள ஊர். அந்நாளிலே மன்னன் வாய்மொழி ஓலையாகும். ஓலை திருமுகமாகி நாட்டாரிடம் வரும். நாட்டார் எதிர்கொண்டு சென்று, தொழுது, தலைமேல் வைத்தனர் என்று செப்பேடுகள் செப்புகின்றன. தொழுதது ஓலையைத்தான்; சுமந்து வந்த காலை அன்று!

மன்னராட்சி போயிற்று, கும்பினியாட்சி வந்தது. 1774-இல் வாரன் ஹேஸ்டிங்ஸ் அஞ்சலைப் பொதுமக்களுக்குத் திறந்தார். நூறு மைலுக்கு இரண்டணா! 1786-இல் சென்னையில் தலைமை அஞ்சலகம் எழுந்தது. 1854 அக்டோபர் முதல் நாள் புரட்சியொன்று நிகழ்ந்தது: அரையணாத் தலை ஒட்டினால், எடை குறைந்த கடிதம் குமரி முனையருகே போனாலும் இமயத்தடிக்குப் போனாலும் ஒரே கட்டணம். செல்வனுக்கும் அரையணா, ஏழைக்கும் அரையணா. தெருவிலே இல்லாத சமத்துவம் தபாலிலே வந்தது!

ஆம், தெருவிலே இல்லை. பொதுச் சாலையும் பொதுக் கிணறும் பொது அலுவலகமும் எல்லா வகுப்பாருக்கும் உரியவை என்று சென்னைச் சட்டமன்றம் தீர்மானம் இயற்ற 1924 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. கடிதம் தடையின்றிச் சென்ற தெருவிலே மனிதன் தடுக்கப்பட்டான்! அக்கொடுமையை நினைவிலிருந்து நீக்கலாகாது.

அரையணாவுக்கு நாடு முழுதும் கடிதம் சென்றது யாரால்? இருளிலும் மழையிலும் காட்டு வழியிலே மணி குலுங்க ஓடியவனால். புலி அடித்து மாண்ட ஓட்டக்காரர் பற்றிய குறிப்புகள் அஞ்சல் துறை வரலாற்றிலே உள. 1937-இல் வெளியான இரண்டணாத் தலையிலே அவனுக்குப் படமுண்டு. ஆனால், அருகிலே முடி சூடிய மன்னன் முகம்! மன்னன் பெயர் ஊரறியும். ஓட்டக்காரன் பெயர்?

தோழர்களே! குதிரையைத் தந்தி வென்றது. அந்தத் தந்தியும் 2013 சூலையில் இந்தியாவிலே ஓய்ந்தது. நடக்கும் மனிதன் மட்டும் ஓயவில்லை. முதியோர் உதவித்தொகையும், மாணவனின் வேலைக்கான ஆணையும் இன்றும் சிற்றூருக்கு அவன் கையால் வருகின்றன. கிராமிய அஞ்சல் ஊழியர் என்பது அவனுக்கு இன்றைய பெயர். முழுநேர அரசு ஊழியருக்குரிய நிலையும் ஓய்வூதியமும் அவனுக்கில்லை. 2018-இல் பதினைந்து நாளுக்கு மேல் நாடெங்கும் வேலைநிறுத்தம் செய்துதான் ஊதிய உயர்வு பெற்றான்.

சிலை எழுப்புவது எளிது. கல் சோறு கேட்பதில்லை. ஓடிய கால்களுக்கு உண்மையான நினைவுச் சின்னம், இன்று நடக்கும் கால்களுக்கு உரிய ஊதியமும் உரிமையுமே. வரலாற்றை மன்னர் பட்டியலாகப் படித்தது போதும். உங்கள் ஊரிலே மடல் சுமந்து முதுமையெய்தியோரைக் கண்டு கேளுங்கள், எழுதி வையுங்கள். ஓலையைத் தலைமேல் வைத்த நாடு, அதைக் கொணர்ந்தவனை மனிதனாக மதிக்கக் கற்கட்டும்!