மூன்றாம் பாகம் தந்த ஏமாற்றமும் பனமலை சொல்லும் பாடமும்

தொடர்கதை படித்து வளர்ந்த சமூகம் நம்முடையது. ஒரு கதை முடிந்த பின்னும் அதன் மாந்தரைப் பிரிய மனமின்றி, 'அப்புறம் என்ன ஆயிற்று?' என்று கேட்பது நமக்குப் புதிய பழக்கமன்று. 1954இல் 'பொன்னியின் செல்வன்' நிறைவுற்றபோது, வாசகர்களின் அந்தக் கேள்விக்கு விடை சொல்லக் கல்கி ஒரு முடிவுரையே எழுத வேண்டியிருந்தது. அதன் பிறகும் ஆவல் அடங்கவில்லை. விக்கிரமன் 'நந்திபுரத்து நாயகி'யில் கதையைத் தொடர்ந்தார். ஆகவே, மனதுக்குப் பிடித்த ஒன்றின் அடுத்த பாகத்துக்காகக் காத்திருப்பதையும், அது வந்தபின் வாடிப்போவதையும் கணினி விளையாட்டுப் பிள்ளைகளின் சிறுபிள்ளைத்தனம் என்று இலக்கிய வாசகர்கள் ஒதுக்கிவிட இயலாது.

அப்படியோர் ஏமாற்றத்தின் வரலாற்றையே இங்கு காணப்போகிறோம். அதில் நம் விழுப்புரம், செஞ்சி, வந்தவாசிப் பகுதிக்கும் ஒரு பங்கு உண்டு. கிடைத்த பங்கன்று, கிடைக்காமற்போன பங்கு.

'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ்' என்னும் போர்த்தந்திர விளையாட்டின் முதல் பாகம் 1997இல் வந்தது. அமெரிக்காவின் என்ஸெம்பிள் ஸ்டூடியோஸ் நிறுவனம் உருவாக்க, மைக்ரோசாஃப்ட் வெளியிட்டது. ஆனால் உலகெங்கும் இளைஞர்களைக் கட்டிப்போட்டது 1999இல் வந்த இரண்டாம் பாகமே. சிறியதொரு குடியிருப்பில் தொடங்கி, உணவு, மரம், பொன், கல் என நான்கையும் திரட்டி, வயலும் சந்தையும் கோட்டையும் எழுப்பி, எதிரியின் எண்ணத்தை முன்கூட்டியே உணர்ந்து படை நடத்த வேண்டும். ஆட்டம் இவ்வளவுதான். நம் ஊர் இணைய மையங்களிலும் கல்லூரி விடுதிகளிலும் நள்ளிரவு தாண்டியும் இதை ஆடிக்கொண்டிருந்தவர்கள் பலர்.

இந்த விதிகளுக்கு உயிர் தந்தது வரலாறு. சலாதின், செங்கிஸ்கான், பார்பரோசா, ஜோன் ஆஃப் ஆர்க் என இடைக்காலத்தின் மெய்யான மாந்தர்களை ஒட்டியே அதன் கதைப் பகுதிகள் அமைந்தன. ஒவ்வொரு நாகரிகத்தின் குடிமக்களும் அவரவர் மொழியில் மறுமொழி தந்தனர். ஆடிச் சலித்தவர்கள் படிப்பதற்கென்று அந்நாகரிகங்களைப் பற்றிய வரலாற்றுக் குறிப்புகளும் விளையாட்டுக்குள்ளேயே இருந்தன. பாடநூலைத் தொடவே தயங்கிய பிள்ளைகள் அவற்றை விரும்பிப் படித்தார்கள் என்பது வரலாறு கற்பிப்போர் யோசிக்க வேண்டிய செய்தி.

ஆறாண்டுகள் கழித்து, 2005 அக்டோபரில், மூன்றாம் பாகம் வந்தது. காட்சியழகில் அக்காலத்து விளையாட்டுகள் பலவற்றை அது விஞ்சியது. நீரின் மினுமினுப்பும், பீரங்கிக் குண்டு பட்டுச் சுவர் சிதறும் விதமும் பார்த்தவர்களை வியக்க வைத்தன. எனினும் இரண்டாம் பாகத்தில் தோய்ந்திருந்த அன்பர்கள் பலருக்கு மனம் நிறையவில்லை. ஏன்?

அவர்கள் அடுக்கிய குறைகளைக் கேட்போம். முன்பு வெட்டிய விறகைக் குடிமக்கள் சுமந்துவந்து சேர்க்க வேண்டும்; எந்தக் காட்டருகே கிடங்கு கட்டுவது என்பதே ஒரு தந்திரம். மூன்றாம் பாகத்தில் சுமக்க வேண்டியதில்லை; வெட்டியது தானாகவே கணக்கில் சேர்ந்துவிடும். கடல் கடந்து எங்கோ இருக்கும் 'தாய்நகர'த்திலிருந்து படையும் பண்டமும் சீட்டுகளின் வடிவில் வந்திறங்கும். நல்ல சீட்டுகளைப் பெற நெடுநாள் ஆடியிருக்க வேண்டும் என்பதால், புதிதாக வருபவர் பழையவரோடு சமமாக மோத முடியவில்லை. சதுரங்கம் ஆட உட்கார்ந்தவனிடம், எதிராளிக்கு இன்னுமொரு யானை உண்டு என்று சொன்னால் எப்படியிருக்கும்?

இவையெல்லாம் விதிகளைப் பற்றிய குறைகள். விதிகள் மாறலாம்; பழகினால் புதியவையும் இனிக்கும். மூன்றாம் பாகத்துக்கென்றே பற்றுடைய அன்பர் கூட்டம் ஒன்று பின்னர் உருவாகி இன்றும் இருக்கிறது. 2020இல் அதன் புதுப்பதிப்பு வெளிவந்ததே அதற்குச் சான்று. ஆகவே புதுமையின் மேல் மட்டும் பழிபோடுவது நேர்மையாகாது.

நம் பார்வையில் ஆழமான குறை வேறொன்று. முன்பு சலாதினும் செங்கிஸ்கானும் நின்ற இடத்தில் இப்போது 'பிளாக்' என்னும் கற்பனைக் குடும்பத்தின் மூன்று தலைமுறையினர் நின்றார்கள். இறவா இளமை தரும் ஊற்றைத் தேடும் மறைகுழு ஒன்றோடு அவர்கள் போராடினார்கள். கதை விறுவிறுப்பானதுதான். ஆனால் ஆட்டத்தை முடித்தவன் நூலகத்தில் போய்த் தேட ஒரு பெயர் வேண்டாமா? அந்த வாசல் பெரும்பாலும் அடைபட்டுவிட்டது.

இதில் நம் பகுதிக்கு என்ன தொடர்பு என்று கேட்கலாம். அக்கற்பனைக் கதையின் இரண்டாம் பகுதி ஏழாண்டுப் போர்க் காலத்து (1756–1763) வட அமெரிக்காவில் நடக்கிறது. ஆங்கிலேயருக்கும் பிரெஞ்சுக்காரருக்கும் நடந்த அதே போரின் இன்னொரு களம் திண்டிவனத்துக்கு வடக்கே இருக்கும் வந்தவாசி! 1760 ஜனவரி 22 அன்று அங்கே அயர் கூட்டின் படை லாலியின் படையை முறியடித்தது. பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி சிறைப்பட்டார். மறு ஆண்டு ஜனவரியில் புதுச்சேரி வீழ்ந்தது. ஏப்ரலில் செஞ்சியும் பணிந்தது. இந்தியாவை ஆளப்போகும் ஐரோப்பியர் யார் என்ற கேள்விக்கு விடை எழுதிய களங்களில் இது முதன்மையானது.

அதற்கு முந்தைய பத்தாண்டுகளும் போர்த்தந்திர விளையாட்டுக்கென்றே நிகழ்ந்தவை போலத் தோன்றும். ஔரங்கசீப்பின் படை 1690 முதல் 1698 வரை முற்றுகையிட்டுப் பிடித்த செஞ்சிக் கோட்டையை, 1750 செப்டம்பரில் ஒரே இரவில் ஏறிப் பிடித்தவர் அதே புஸ்ஸி. இரண்டாண்டுகளுக்குப் பின் அக்கோட்டையை மீட்கப் புறப்பட்ட ஆங்கிலேயப் படை, மேஜர் கின்னீர் தலைமையில், விக்கிரவாண்டியருகே தோற்றது. இத்தனையையும் புதுச்சேரியிலிருந்து கவனித்து, 1736 முதல் 1761 வரை தமிழில் நாட்குறிப்பு எழுதியவர் துபாஷி ஆனந்தரங்கப் பிள்ளை. கோட்டை இருந்தது, களம் இருந்தது, கண்ணால் கண்டவரின் எழுத்தும் இருந்தது. விளையாட்டின் கதையாசிரியர்களோ இளமை ஊற்றைத் தேடி வேறு திசையில் போனார்கள்.

2007இல் 'ஏஷியன் டைனஸ்டீஸ்' என்னும் இணைப்பு வந்தபோது இந்தியரும் சேர்க்கப்பட்டனர். தலைநகர் தில்லி. எழுப்பக்கூடிய அதிசயங்கள் ஆக்ரா கோட்டை, தாஜ்மகால், சித்தூர் வெற்றித்தூண், கர்ணி மாதா கோயில், சார்மினார். கதை 1857 கிளர்ச்சியைச் சுற்றியது. அதிலும் நாயகன் கற்பனை மாந்தனே. சார்மினாருக்குத் தெற்கே ஒரு நாடு இருப்பதாகவே தெரியவில்லை.

நிற்க. ஒரு தொடர்ச்சி எப்படி அமைய வேண்டும் என்பதற்கு விடை தேடி வெகுதொலைவு போக வேண்டியதில்லை. விழுப்புரத்திலிருந்து செஞ்சி செல்லும் வழியில் மண்டகப்பட்டு இருக்கிறது. ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்ட முதலாம் மகேந்திரவர்மன் அங்கே பாறையைக் குடைந்து, பிரமன், சிவன், திருமால் மூவருக்கும் ஒரு கோயில் எடுத்தான். செங்கல், மரம், உலோகம், சுதை எதுவுமின்றி இதை ஆக்குவித்ததாக அங்குள்ள கல்வெட்டில் பெருமையோடு அறிவிக்கிறான். தமிழகக் கோயிற்கலையின் முதல் பாகம் என்று அதைக் கொள்ளலாம்.

ஏறத்தாழ நூறாண்டுகளுக்குப் பின், அவன் வழிவந்த இராசசிம்மன் அதே வட்டாரத்தில் பனமலைக் குன்றின் மேல் தாளகிரீசுவரர் கோயிலைக் கட்டினான். முன்னோன் குன்றைக் குடைந்தான். இவன் குன்றின் மேல் கல்லை அடுக்கினான். முன்னோனுடையது முகப்பு மட்டுமே வெளித்தெரியும் குடைவரை. இவனுடையது நாற்புறமும் சுற்றி வந்து காணத்தக்க விமானம். கருவறையின் மூன்று புறங்களில் சிற்றாலயங்களை ஒட்டவைத்த அமைப்பும் புதியது. செய்முறை முழுக்க மாறிவிட்டது. ஆனால் மகேந்திரன் எதற்காகப் பாறையைத் தேர்ந்தானோ அந்த நோக்கம், அழியும் பொருளை விடுத்து நிலைக்கும் பொருளில் இறைவனுக்கு இடமமைக்கும் நோக்கம், மாறவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மகேந்திரனுக்குச் 'சித்திரகாரப்புலி' என்றொரு பட்டம் உண்டு. ஓவியத்தில் அவனுக்கிருந்த வேட்கையை அது காட்டும். பனமலையின் வடபுறச் சிற்றாலயச் சுவரில், தலைமேல் குடை நிழற்ற, ஒரு காலை மடித்து ஒயிலாகச் சாய்ந்து நிற்கும் உமையின் ஓவியம், சிதைவுகளுக்கிடையிலும் இன்று எஞ்சியிருக்கிறது. முன்னோனின் வேட்கை பின்னோனின் சுவரில் தொடர்ந்தது என்று கொள்வது தவறாகாது. நல்ல தொடர்ச்சி முந்தையதன் உருவத்தைப் படியெடுக்காது. அதன் வேட்கையைத் தொடரும். மூன்றாம் பாகத்தில் உருவமும் மாறியது, வேட்கையும் மங்கியது. அன்பர்களின் ஏமாற்றத்தை இப்படித்தான் நாம் புரிந்துகொள்கிறோம்.

அந்த ஏமாற்றம் வெறும் முணுமுணுப்பாக முடியவில்லை என்பதுதான் மகிழ்ச்சி தரும் செய்தி. என்ஸெம்பிள் நிறுவனம் 2009 தொடக்கத்தில் மூடப்பட்டது. ஆனால் அன்பர்கள் இரண்டாம் பாகத்தைக் கைவிடவில்லை. அவர்களுள் சிலர் கூடி, புதிய நாகரிகங்களைச் சேர்த்து ஒரு விரிவாக்கத்தைத் தாங்களே ஆக்கினர். அந்த முயற்சியை மைக்ரோசாஃப்ட் ஏற்றுக்கொண்டு, 2013இல் 'தி ஃபர்காட்டன்' என்ற பெயரில் முறைப்படி வெளியிட்டது. 2019இல் இரண்டாம் பாகத்தின் புதுப்பதிப்பு வந்தது. 2021இல் வந்த நான்காம் பாகமோ நார்மானியர், மங்கோலியர் வரலாற்றை ஆவணப்படங்கள் போன்ற காட்சிகளோடு சொன்னது. அடைபட்ட வாசல் மீண்டும் திறந்தது.

2022 ஏப்ரலில், 'இந்தியர்' என்று ஒரே மூட்டையாகக் கட்டப்பட்டிருந்ததை அவிழ்த்து, இரண்டாம் பாகத்தில் குர்ஜரர், வங்காளியர், திராவிடர் எனப் பிரித்தனர். முதலாம் இராசேந்திர சோழனின் படையெடுப்புகள் கதையாயின. திராவிடருக்குக் கடலும் காலாட்படையும் பலம், குதிரைப்படை வலுவற்றது. அயல்நாட்டுக் குதிரைகளுக்காகத் தமிழ் வேந்தர் பெரும்பொருள் செலவிட்ட வரலாற்றை அறிந்தவர்களுக்கு இதன் பொருத்தம் விளங்கும். 'திராவிடர்' என்ற பெயரில் நமக்கு உடன்பாடில்லை. 1856இல் கால்டுவெல்லின் ஒப்பிலக்கணத்தால் மொழிக்குடும்பத்தின் பெயராகப் பரவிய சொல்லை ஓர் அரசுக்குச் சூட்டுவதால், ஒருவரோடொருவர் பொருத சோழரும் சாளுக்கியரும் ஒரே கூடாரத்துக்குள் வந்துவிடுகிறார்கள். ஆயினும் இருபதாண்டுக்கு மேல் ஒரு பழைய விளையாட்டை விடாமல் காத்த அன்பின் பயன் இது என்பதை மறுக்க முடியாது.

எனினும் வந்தவாசி இன்னும் காத்திருக்கிறது. செஞ்சிக் கோட்டை 2025இல் மராத்தியப் படை அரண்களுள் ஒன்றாக யுனெஸ்கோவின் உலக மரபுப் பட்டியலில் சேர்ந்துவிட்டது. ஆனால் அதன் மதிலடியில் நடந்தவற்றைச் சுவைபடச் சொல்லும் தமிழ்ப் படைப்புகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். தொலைதேசத்து விளையாட்டு நிறுவனம் நம்மைக் கவனிக்கவில்லை என்று குறைப்படுகிறோம். ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு நம் நூலகங்களில்தான் இருக்கிறது. அதைக் கையிலெடுக்கும் எழுத்தாளரோ, கணினி கற்ற இளைஞரோ நம்மிடையே எழுந்தால், யாருடைய மூன்றாம் பாகத்துக்கும் நாம் காத்திருக்க வேண்டியதில்லை.